பேர்லினில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பதினாறு வயதில் எழுதும் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தேன், அதிலும் கணக்குத் தவறிவிட்டது. கடிதம் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. தொலைபேசி வந்த பிறகு கடிதமும் நின்றுவிட்டது. பயணம் போனதை எழுதுகிறவர்கள் எந்த அரசன் எந்த மாளிகையைக் கட்டினான் என்றெல்லாம் எழுதுவார்கள். மகள் எனக்கும் சொன்னாள், நான்தான் மனதில் பிடிக்கவில்லை. படித்தவர்கள் வாசிக்கிற இடத்தில் இதைக் கொண்டுவந்து வைக்கக் கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பேர்லினுக்குப் போனதை எங்கேயாவது சொல்லிவைக்க வேண்டும் போலிருந்தது. வாயால் சொல்ல எனக்கு வராது.

நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவர் கார்த்திகை மாதம் இறந்துபோனார். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு நோ வந்தது. அவசர வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அழுதேன். பிறகு அழுகை நின்றது. அழுகையோடு மற்றவையும் நின்றுவிட்டன. கறியில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை. இயந்திரத்திலிருந்து எடுக்கும் சூடான துணி கையைச் சுட்டால்கூடக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. குடும்ப வைத்தியர் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். எடுத்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் முடித்து நில அளவை படிக்க விண்ணப்பித்திருந்தாள். இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று போஹுமில், எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணம். மற்றது பேர்லினில். அவளுக்கு ஆசை பேர்லின்தான். தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் ஒரு கிழமை சண்டை பிடித்து அனுமதி வாங்கியிருப்பாள். இப்போது சண்டை பிடிக்க ஆளில்லை, என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை. இரண்டில் ஒன்றுக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

“உன்ரை விருப்பம்,” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. இந்த வீட்டிலை உன்ரை விருப்பம் எண்டால் எனக்கு விருப்பமில்லை எண்டுதான் கருத்து. ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் நான் போஹுமுக்குப் போறன். பிறகு ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டன்.”

அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் போனால் பயமாக இருக்குமா, கவலையாக இருக்குமா என்று உள்ளே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. போகட்டும் என்றும் இல்லை, நிற்கட்டும் என்றும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?  அவள்தான் சொன்னாள், வந்து அந்த இடத்தைப் பாருங்கோ, பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ என்று. அப்படித்தான் நாங்கள் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பேர்லினுக்குப் புறப்பட்டோம்.

எங்கே தங்குவது என்பதில் சிறிய இழுபறி. பேர்லினில் என் கணவரின் பெரியப்பா மகன் இருக்கிறார். என் கணவர் அவரை அண்ணை என்று கூப்பிடுவார், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் வீட்டுக்காரர், இவர், பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தபோது கூட்டிக்கொண்டுபோய்த் தன் அறையில் வைத்திருந்தவர் அவர். எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் காசு கொடுத்துத் தங்குவது எங்கள் ஆட்களிடம் கேள்விப்படாத விசயம். மகள் மாட்டேன் என்றாள். அண்ணை வீட்டில் தங்கினால் சாப்பிடுவதும் அவர்கள் வீட்டு சோபாவில் இருப்பதும்தான் நடக்கும், பேர்லினைப் பார்க்க முடியாது என்றாள்.

அதில் நியாயம் இருந்தது. பாரிசுக்கு நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். கலியாண மண்டபங்களும் புடவைக் கடைகளும் மாமா வீட்டு வரவேற்பறையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை ஒருமுறை வாகனம் வளைவில் திரும்பியபோது கண்டோம். லண்டனும் அப்படித்தான்.

ஆகவே மகள் இளைஞர் விடுதியில் இரண்டு கட்டில் பதிவு செய்தாள். என்னிடமும் அவளிடமும் நாடு முழுக்கப் போகக்கூடிய மாதச்சீட்டு இருந்தது. அது மெதுவாகப் போகும் ரயில்களுக்கு மட்டும் செல்லும். ஆகவே மின்டனில் மாறி, ஹனோவரில் மாறி, மக்டபேர்க்கில் மாறி, நின்று நின்று போனோம். நான் றொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டி எடுத்திருந்தேன். எங்களைப் போலவே முதுகுப்பையோடு போகிற இளம் பிள்ளைகள் பெட்டி முழுக்க நிலத்தில் இருந்தார்கள். மகளும் நிலத்தில் இருந்தாள். எனக்கு மட்டும் யாரோ எழும்பி இடம் தந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கோதுமை வெட்டிய வயல்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த பெடியன் என்னையும் ‘நீ’ என்றே கூப்பிட்டான். அங்கே எல்லோரும் நீதானாம். வேலையிடத்தில் எனக்கு ‘நீங்கள்’ சொல்லித்தான் கதைப்பார்கள். அவன் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் கையில் தந்து மேல்மாடியைக் காட்டினான். பெண்களுக்கான அறை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்கள். எங்களைத் தவிர இருந்தவர்கள் எல்லோரும் மகளின் வயதுப் பிள்ளைகள். ஒருத்தி போர்த்துக்கலில் இருந்து வந்தவள். ஈரத் தலையோடு கட்டிலில் குந்தியிருந்து பாலில் போட்ட தானியம் சாப்பிட்டாள். நான் பையிலிருந்து என் நைற்றியை எடுக்கக் கூச்சப்பட்டு, போட்டிருந்த உடுப்போடேயே படுத்தேன். மேல் கட்டிலில் மகள் புரளும்போதெல்லாம் என் முகத்துக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. அவளுக்கும் நித்திரை இல்லை என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலையிலேயே வெளியே இறங்கினோம். மகள் எல்லாவற்றையும் திட்டமிட்டு வைத்திருந்தாள். எது இலவசமோ அதைப் பார்ப்பது. தண்ணீர்ப் போத்தலை விடுதிக் குழாயில் நிரப்புவது. சுற்றுலாக்காரருக்கென்று ஓடும் பஸ்ஸில் ஏறாமல், அதே பாதையில் ஓடும் நூறாம் இலக்க மாடி பஸ்ஸில் மாதச்சீட்டைக் காட்டி ஏறுவது. மேல்தட்டில் முன் இருக்கை கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த முதல் பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறினோம். மரக்கொப்புகள் கண்ணாடியில் உரசின. தங்கச் சிறகு வைத்த ஒரு பெண் சிலை தூணின் உச்சியில் நின்றது. மகள் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெரிய வாசலுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். தொலைக்காட்சியில் வருசா வருசம் காட்டுகிற வாசல். ஆறு தூண் வரிசை, மேலே குதிரைகள். ஆட்கள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அம்மா, இது விசாவுக்குக் குடுக்கிற படம் மாதிரிக் கிடக்கு.”

“இன்னொண்டு எடு.”

எடுத்தாள். இரண்டாவதும் அப்படித்தான் இருந்தது.

நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் கண்ணாடிக் குவிமாடத்துக்கு அவள் முன்கூட்டியே எங்கள் பெயரைப் பதிந்திருந்தாள். அதுவும் இலவசம். உள்ளே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற பாதை. நடுவில் கண்ணாடிகள் பதித்த பெரிய புனல். அந்தக் கண்ணாடிகளில் எங்கள் தலைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. காதில் மாட்டத் தந்த கருவி ஜேர்மன் மொழியில் கதைத்தது. நான் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். உச்சிக்குப் போனதும் நகரம் முழுவதும் தெரிந்தது. மகள் வடக்குப் பக்கம் காட்டினாள். அந்தத் தேவாலயக் கோபுரத்துக்கு இடதுபக்கம், அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால்தான் கல்லூரி, மாணவர் வீடுகள் அதற்குக் கிட்ட என்றாள். அவள் சொன்ன இடத்தைக் கண்டுபிடித்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஓம், தெரியுது என்றேன்.

பிறகு கொல்லப்பட்ட யூதர்களுக்காக வைத்த கற்களுக்குள் போனோம். சாம்பல் நிறத்தில் பெட்டி பெட்டியாகக் கற்கள். வெளியே முழங்கால் உயரம். உள்ளே போகப் போக நிலம் தாழ்ந்து, கற்கள் தலைக்கு மேல் உயர்ந்துவிடுகின்றன. மகள் ஒரு வரிசையால் போனாள், நான் இன்னொன்றால் போனேன். கொஞ்ச நேரம் அவளைக் காணவில்லை. அங்கே நின்றேன். மற்ற இடங்களில் எல்லாம் நான் சந்தோசமாக இருக்கிறேனா என்று யாரோ பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை. அவள் கூப்பிட்டபோது வெளியே வந்தேன்.

மத்தியானம் நிலக்கீழ் ரயிலில் கல்லூரியைப் பார்க்கப் போனோம். சனிக்கிழமை ஆனபடியால் கதவு பூட்டியிருந்தது. மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். மூன்று கால் தாங்கியில் ஒரு அளவைக் கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அது என்ன, எப்படி வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தினாள். அவளுடைய மூச்சுப் பட்டு கண்ணாடியில் ஒரு வட்டம் வெள்ளையாகியது. பிறகு அவள் தெருவைக் கடந்து, மாணவர் குடியிருப்பையும் அதற்குப் பக்கத்தில் இருந்த துருக்கிக்காரரின் மரக்கறிக் கடையையும் காட்டினாள். வெண்டிக்காய் இருந்தது. முருங்கைக்காயும் இருக்குமாம் என்றாள். நான் வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்தேன், பிஞ்சு. 

“அம்மா, எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப?”

“பொறு பிள்ளை,” என்றேன். அவள் சரி என்றாள். அந்தச் சரியில் களைப்பு இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவேண்டும். ஆற்றங்கரையில் புல்லில் இருந்து மிச்ச றொட்டியைச் சாப்பிட்டோம். மகள் கழிப்பறை தேடிப் போனாள். நான் தொலைபேசியை எடுத்து அண்ணை வீட்டுக்கு அழைத்தேன். வேறு காரணம் இல்லை. பேர்லினுக்கு வந்துவிட்டுச் சொல்லாமல் போனால் நாளைக்கு எப்படியும் தெரியவரும், பிறகு அது ஆயுளுக்கும் ஒரு வசையாகிவிடும். சொல்லிவைப்போம், நேரமில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. சாவீட்டுக்கு வரமுடியாமல் போனவர்கள் பிறகு ஒருநாள் நேரில் வந்து துக்கம் விசாரிக்க வேண்டும். தொலைபேசியில் எத்தனை தரம் அழுதாலும் அது கணக்கில் இல்லை.  இவர் இறந்த நேரம் அண்ணை இடுப்பு ஒப்பரேசன் செய்து படுக்கையில் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியாலும் அவரை விட்டு அசைய முடியவில்லை. ஆகவே அவர்கள் இன்னும் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை. அந்தக் கடன் அவர்கள் தலையில் இருந்தது. அப்படியிருக்க, நான் உங்கள் ஊரில் நிற்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அவர்கள் வராமல் இருக்க ஏலாது. இது எனக்குத் தெரியாத விசயமில்லை. அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அக்கா விடுதியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நில்லுங்கோ, வாறம் என்று வைத்துவிட்டார்.

மகளிடம் சொன்னபோது அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.  “பெரியப்பா வந்தா முடிவு அவர்தான் எடுப்பார், தெரியுமே?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். அதுவும் உண்மைதான்.

பின்னேரம் ஆறு மணிபோல வந்தார்கள். விடுதியின் கீழ்த்தளத்தில் எல்லோரும் கூடுகிற பெரிய அறை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மேசைப் பந்தாட்டம். மறுபக்கம் பழைய சோபாக்கள். பாட்டுப் போட்டிருந்தார்கள். கதவு திறந்தது. வெளிர் நிறச் சேலையில் அக்கா, கைத்தடியோடு அண்ணை. அக்காவின் இரண்டு கைகளிலும் சாப்பாட்டுப் பைகள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று சோறும் கறியும் சமைத்து எடுத்து வந்திருந்தார்கள். அக்கா பைகளை நிலத்தில் வைத்தார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என்னிடம் வந்து, கழுத்தைக் கட்டிப் பிடித்து, குரல் எடுத்து அழத் தொடங்கினார்.

“எப்பிடித் தாங்கினியடி. எப்பிடி விட்டிட்டுப் போனவன். தம்பி தம்பி எண்டு நான் வளத்த பிள்ளையெல்லோ.”

அக்கா பொய்யாக அழவில்லை. இவர் அவர்கள் வீட்டில் மூன்று வருசம் இருந்தவர். அக்காவின் உடம்பு என்மேல் குலுங்கியது. சேலையில் கறிவேப்பிலை வாசம் இருந்தது. நானும் அழவேண்டிய நேரம் அது. கட்டிப்பிடித்து இரண்டு பேரும் சேர்ந்து அழுவதுதான் வழக்கம். நான் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். பந்து விளையாடியவர்கள் மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். வரவேற்பு மேசைப் பெடியன் ஓடிவந்து, வைத்தியரைக் கூப்பிடவா என்று மகளிடம் கேட்டான். தேவையில்லை, அப்பா இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். அவன் முகம் வெளிறிவிட்டது. எப்போது, இன்றைக்கா என்று கேட்டான். போன கார்த்திகையில் என்றாள். அவன் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

அக்கா அழுது முடித்து என்னைத் தள்ளிப் பிடித்து முகத்தைப் பார்த்தார். என் கண் காய்ந்திருந்ததைக் கண்டார்.  

பிறகு சாப்பாடு. விடுதியில் பொதுச் சமையலறை இருந்தது. அக்கா அதை ஒரு நிமிசத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டார். கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் சூடாக, வாசம் மாடிவரை போனது. போர்த்துக்கல் பிள்ளை எட்டிப் பார்த்தாள். அக்கா ஜேர்மன் மொழியில் வா, இரு, சாப்பிடு என்று மூன்று சொல்லில் அவளை இருத்தி ஒரு கோப்பை சோறு போட்டுக் கொடுத்தார். அவள் எரிவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டு முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

அவள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஆண்டுத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ளை ஊர் பாக்க வந்திட்டியள்.”

மகள்தான் பதில் சொன்னாள். ஊர் பார்க்க வரவில்லை, தன் படிப்பு விசயமாக வந்தோம் என்று முழுவதையும் சொன்னாள். போஹும், பேர்லின், திங்கட்கிழமை எல்லாம். அண்ணை கவனமாகக் கேட்டார். நில அளவை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“காணி அளக்கப் போறியோ. நல்லதாப் போச்சு. ஊரிலை எங்கடை கிழக்கு வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் முப்பது வருசமாய்த் தள்ளிக்கொண்டு வாறான். முதல் அதை அளந்து தா பிள்ளை.”

எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம். மகளும் சிரித்தாள். அண்ணை விரல் சூப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். வைத்துவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். தங்கள் பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள், அறை சும்மா கிடக்கிறது, பிள்ளை தங்களோடு இருந்து படிக்கட்டும். காலையில் ரயில் நிலையத்துக்குத் தானே கொண்டுபோய் விடுவார், பின்னேரம் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், சாப்பாடு அக்கா பார்ப்பார், வாடகையும் மிச்சம், எனக்கும் பயமில்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாம் சரியான விசயங்கள். ஒன்றையும் மறுக்க முடியாது. தாய்க்காரி ஒருத்தி கேட்டு நிம்மதியடைய வேண்டிய விசயங்கள்.

“அப்ப சரி. முடிஞ்சுது,” என்றார் அண்ணை.

அக்காவின் முகத்தில் அன்று முதல்தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. அந்த அறையில் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கு விளங்கியது. மகள் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் விளிம்புவரை தள்ளினாள். அவள் போஹுமுக்கே போயிருக்கலாம் என்று நினைக்கிறாள் என்பதும் எனக்கு விளங்கியது. ஆனால் பெரியவர்கள் முன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாள். நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம். இப்போது நான் தலையாட்ட வேண்டும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அண்ணை சொன்ன எதற்கும் நான் ஓம் தவிர வேறு சொன்னதில்லை. இவரும் சொன்னதில்லை. அந்த ஓம் வாய்வரை வந்துதான் இருந்தது.

“இல்லை அண்ணை,” என்றேன். “பிள்ளை தனிய அறை எடுத்து இருக்கட்டும்.”

அதைச் சொன்னது துணிவில் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னேன். சந்தோசம், கவலை எல்லாம் போனபோது அண்ணைமேல் இருந்த பயமும் போயிருந்தது. அது போய்விட்டது என்று அந்த நிமிசம்வரை எனக்குத் தெரியாது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முன்பென்றால் உடனே மாற்றி ஓம் என்றிருப்பேன். 

அக்காதான் முதலில் கதைத்தார். பொம்பிளைப் பிள்ளை, தகப்பனும் இல்லை, சொந்தம் இருக்கிற ஊரிலேயே தனிய அறை எடுத்து இருந்தால் ஆட்கள் என்ன கதைப்பார்கள், எங்களைத்தானே கேட்பார்கள் என்றார். நான் அதற்கு ஒரு காரணம் சொல்ல நினைத்தேன். நினைத்ததில் கையில் கிடைத்தது இதுதான்:

“இவரும் அவளின்ரை வயசிலை தனியத்தானே வந்தவர்.”

“ஆர் சொன்னது?” என்றார் அண்ணை. குரல் உயரவில்லை. “தனிய வரேல்லை. நான் ஸ்ரேசனிலை போய் நிண்டு கூட்டிக்கொண்டு வந்தனான். இரண்டு நாள் நிண்டனான், எந்த ரயிலிலை வாறான் எண்டு தெரியாமல்.”

அது உண்மை. இவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.   பந்து மேசையில் டொக் டொக் என்று மறுபடி விளையாடத் தொடங்கியிருந்தார்கள்.

“தெரியும் அண்ணை,” என்றேன். “அவள் தனிய இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையிலை உங்கடை வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள்.”

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அண்ணை கைத்தடியை எடுத்தார். அக்கா சட்டிகளைக் கழுவ எழும்பினார். மகள் வேண்டாம் பெரியம்மா, நான் கழுவுறன் என்று வாங்கிக்கொண்டாள். அக்கா சட்டிகளை அப்படியே விட்டுவிட்டார். மிச்சக் கறியை ஒரு பெட்டியில் போட்டு மூடி எங்கள் பக்கம் தள்ளி வைத்தார். என் கன்னத்தை ஒருதரம் தடவினார். பிறகு இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்கள்.

போயிட்டு வாறம் என்று சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை, பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. ஆகவே அவர்கள் முறைப்படி போனார்களா, கோபத்தில் போனார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணை படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவது தெரிந்தது. அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதும் முறையில்லை.

மகள் சட்டிகளைக் கழுவினாள். நான் துடைத்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, அப்ப ஓமோ?”

“ஓம்.”

“நீங்கள் என்ன செய்வியள்?”

“வேலைக்குப் போவன்.”

அவள் ஈரக்கையோடு என் தோளில் தலையை வைத்தாள். அழுகிறாள் என்று தோளில் நனைந்ததால் தெரிந்தது. நான் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு அவளுடைய முதுகைத் தடவினேன். அக்காவின் முதுகைத் தடவிய அதே கைதான். அவள் அழுது முடியும்வரை நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் போவாள் என்பது நிச்சயமாகிவிட்டது. அதை நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை பெய்தது. ஒன்றும் பார்க்காமல் நேரே ரயில் நிலையத்துக்குப் போனோம். மக்டபேர்க் வருவதற்கு முன் மகள் பேர்லினுக்கு ஓம் என்றும் போஹுமுக்கு வேண்டாம் என்றும் பதில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு நித்திரையானாள். ஹனோவரில் மாற எழுப்பினேன். அண்ணை வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.